ஏற்காட்டில் இரண்டு நாள் குத்துச்சண்டை முகாம், கூடவே ஒரு ரீமேட்ச் பஞ்சாயத்து

முதலில் வெந்நீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், போய்விட்டு வந்ததிலிருந்து கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கிடையாது. பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு கீசர், முதல் ஆள் குளித்துவிட்டு வரும்போதே அது மூச்சை விட்டுவிடும், அப்புறம் வெளியே விறகடுப்பில் அண்டா வைத்து ஆளுக்கு ஒரு வாளி தருகிறார்கள், யாராவது இரண்டாவது வாளிக்கு ஆசைப்பட்டால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரண்டு நாளும் அந்தக் கடைசி ஆள் நான். மற்றபடி நல்ல முகாம், கொடுத்த காசுக்கு மோசமில்லை.

கோரிமேடு பக்கம் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. பெயர் போடவில்லை, மாஸ்டருக்கு விளம்பரம் ஆகாது, நானும் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், இரண்டுக்கும் அதுதான் வசதி. நான் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வயது 44. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, வாக்கிங் போக அலுப்பாக இருந்ததால் போன வருஷம் அங்கே சேர்ந்தேன். என்னைப் பார்த்த முதல் நாளே மாஸ்டர், "அண்ணா, நீங்க பேக்கை மட்டும் அடிங்க, ஆளுங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் நான் எழுதுவது குத்து வாங்கினவனின் அனுபவம் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தவனின் அனுபவம், அந்தக் கணக்கில் படித்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு சனி ஞாயிறு பார்த்து ஏற்காடு கூட்டிப் போகிறார்கள். ஆளுக்கு 2,800 ரூபாய், வேன், தங்கல், சாப்பாடு, டீ எல்லாம் அதற்குள். தங்குவது ஒரு காபி எஸ்டேட்டின் பழைய ஸ்டோர் கட்டடத்தில், தரையில் பாய், மேலே ஓடு, காலையில் போர்வை நனைந்த மாதிரி சில்லென்று இருக்கும். பின்பக்கம் காபிக்கொட்டை காயப்போடுகிற சிமெண்டுக் களம். பழம் பறிக்காத மாதங்களில் அது சும்மா கிடக்கும், அதில்தான் பயிற்சி. நான் பார்த்த எந்த ரிங்கைவிடவும் அழகான இடம். சுற்றிலும் சில்வர் ஓக், அதில் ஏறின மிளகுக்கொடி, நடுவே வெளுத்த களம், மேகம் வந்தால் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது. ஜாப், அதாவது முன் கையை நேராக நீட்டுகிற குத்து, போடும்போது கை மட்டும் வெளியே வரும்.

காலை 5.30க்கு அஸ்தம்பட்டியில் வேன். இருபது கொண்டை ஊசி வளைவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அதில் பன்னிரண்டாவதில் இரண்டு பையன்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், அதற்குமேல் சொல்லவில்லை. மேலே ஏரிக்கரையில் நிறுத்தி டீயும் பன்னும். எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றபோது ஒருத்தன் மட்டும் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக் கொப்பளித்துக் கீழே துப்பினான். குடிக்கவில்லை, துப்பினான். அவன்தான் எங்கள் சாம்பியன்.

அவனுக்குப் பேர் இருக்கிறது, ஆனால் கூடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 27 வயது. மாநில அளவில் பதக்கம் வாங்கியவன், மூன்று நான்கு வருஷம் இந்த வட்டாரத்தில் அவன் எடையில் அவனை யாரும் தொட்டதில்லை. போன தடவை ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருத்தன் மூன்றாவது ரவுண்டில் இவனை அடித்து இரண்டு தடவை ரெஃப்ரியை எண்ண வைத்துவிட்டான், அவர் கையை ஆட்டிச் சண்டையை நிறுத்திவிட்டார். அதற்கு முன் ஜெயித்த இரண்டு போட்டிகளிலும்கூட அவன் முன்னைப்போல் இல்லை என்பதைக் கூடத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது இவனுக்கு ஒரே நினைப்பு, அந்தப் பையனோடு இன்னொரு தடவை மோத வேண்டும், அதாவது ரீமேட்ச். அந்தப் பக்கத்துக் கோச்சும் கிளப்புக்குக் கிளப் நட்புப் போட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார், திங்கட்கிழமைக்குள் எங்கள் பக்கம் பதில் சொல்ல வேண்டும். ஆக, இந்த முகாமே அந்தப் பதிலுக்காகத்தான் நடக்கிறது என்பது வேன் ஏறின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வேனுக்குள் இரண்டு கட்சி. முன் சீட்டு "கேக்கணும்", பின் சீட்டு "வேண்டாம்". நான் நடுச் சீட்டு, வாந்திப் பையோடு.

முதல் நாள் ஓட்டம். ஏரி ரவுண்டானாவிலிருந்து சேர்வராயன் கோயில் வரை. ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரம், இந்த மலையின் உச்சி அதுதான். சேலத்தில் தினமும் காந்தி ஸ்டேடியத்தைப் பத்துச் சுற்று சுற்றுகிற பையன்கள் எல்லாம் பாதி வழியில் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ஏற்காட்டு உயரத்தில் கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறைகிறது, இரண்டு மூன்று வாரம் இருந்தால்தான் உடம்பு பழகும். இரண்டு நாளில் ஒன்றும் பழகாது. அப்புறம் எதற்கு இங்கே ஓட விடுகிறார்கள் என்று மூச்சிரைக்க நான் கேட்டதற்கு மாஸ்டர், "பழக இல்லைங்கண்ணா, களைச்சா யார் யார் எப்படி இருப்பாங்கன்னு சீக்கிரம் தெரியும், அதுக்கு" என்றார். நியாயம்தான். நாங்கள் வெள்ளியை உருக்கி டச், அதாவது சுத்தம், பார்ப்பதும் அதற்குத்தான், வெளியே மினுமினுப்பில் எல்லாக் கொலுசும் ஒன்றுதான்.

சாம்பியன் மூன்றாவதாக வந்தான். முன்பெல்லாம் மேலே போய் டீ குடித்துவிட்டு மற்றவர்களை வரவேற்க நிற்பானாம்.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாமின் சிறந்த பகுதி அதுதான். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு அம்மாவும் அவர் மருமகளும் சமைக்கிறார்கள். மதியம் ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு, ராத்திரி சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும், அந்த மிளகு அங்கேயே காய்த்தது, நுனி நாக்கில் இல்லாமல் தொண்டையில் போய் உறைக்கிற மிளகு. நான் இரண்டு உருண்டை களி தின்றுவிட்டு மதியப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்தேன். சாயந்திரம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, அது தனிச் செலவு. சாம்பியன் தட்டில் வைத்தது கால் உருண்டை களி. பஜ்ஜிக் கடைப் பக்கமே வரவில்லை. அந்த அம்மா, "ஏங்கண்ணு, புடிக்கலையா?" என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினான். அவன் சண்டை போடுவது 63.5 கிலோ எடையில். நடமாடுவது 69 கிலோவில்.

ராத்திரி சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டார்கள். எஸ்டேட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும் போகும், ஆனால் மாஸ்டர் முன்கூட்டியே மடிக்கணினியில் எடுத்து வந்திருந்தார். புரொஜெக்டர் பழசு, கறுப்பெல்லாம் ஊதாவாகத் தெரிந்தது. போட்டது லெனாக்ஸ் லூயிஸின் மூன்று சண்டைகள். இந்த ராத்திரிக்காகவே 2,800 கொடுக்கலாம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2001 ஏப்ரல் 22. லூயிஸ் உலக ஹெவிவெயிட் சாம்பியன், வயது 35. தென்னாப்பிரிக்காவில் பிராக்பான் என்ற ஊரில் ஹசீம் ரஹ்மானோடு சண்டை. அந்த ஊர் இருக்கிற உயரம் கிட்டத்தட்ட நம் சேர்வராயன் கோயில் உயரம். ரஹ்மான் வெகு முன்னாலேயே போய் அந்தக் காற்றுக்குப் பழகிக்கொண்டார். லூயிஸ் ஒரு ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டுச் சண்டைக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் போய் இறங்கினார், எடை 253 பவுண்டுக்கு மேல், அதுவரை அவர் சுமந்ததிலேயே அதிகம். காலையில் எங்களைப்போலவே வாயைத் திறந்து மூச்சு விடுகிறார், படத்தில் நன்றாகத் தெரிகிறது. ஐந்தாவது ரவுண்டில் கயிற்றில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றவருக்கு ஒரு வலது கை. மல்லாந்து விழுந்தார், எழவில்லை.

சாம்பியனுக்கு வயசாகிவிட்டது, ஓய்வு பெறலாம் என்று அப்போது சொன்னவர்கள் ஏராளம். லூயிஸ் என்ன செய்தார்? ஒப்பந்தத்தில் ரீமேட்ச் ஷரத்து இருந்தது, ரஹ்மான் தரப்பு வேறு ஆளோடு மோதப் பார்த்தது, இவர் நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கே போய் அந்த ரீமேட்சை வாங்கினார். அதே வருஷம் நவம்பர் 17, லாஸ் வேகாஸ். எடையைக் குறைத்து, ஒழுங்காகத் தயாராகி வந்தார். நாலாவது ரவுண்டில் இடது, வலது, ரஹ்மான் காலி. வேட்டித் திரையில் அந்த வலது கை வந்தபோது முன் சீட்டுக் கட்சி போட்ட கூச்சலில் எஸ்டேட் நாய்கள் எல்லாம் எழுந்துகொண்டன. "பாத்தீங்களா மாஸ்டர்" என்று ஒரு பையன் குதித்தான். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் மூன்றாவதைப் போட்டார்.

2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலஸ். லூயிஸுக்கு 37 வயது, எடை 256 பவுண்டுக்கும் மேலே. எதிரில் விட்டாலி கிளிட்ச்கோ, கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர். இரண்டாவது ரவுண்டில் லூயிஸ் ஆடிப்போகிறார், கால் பின்னுகிறது. மூன்றாவதில் விட்டாலியின் இடது புருவத்துக்கு மேல் கிழிகிறது. ஆறு ரவுண்டு முடிந்ததும் டாக்டர் அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். ஜெயித்தது லூயிஸ். ஆனால் மூன்று நடுவர்களின் அட்டையிலும் அந்த நேரத்தில் அவர் பின்தங்கியிருந்தார், 58-56. விட்டாலி ரத்தம் வழிய நின்று இன்னொரு சண்டை கேட்டார், உலகமே கேட்டது, பெரிய பணம். லூயிஸ் யோசித்தார், யோசித்தார், 2004 பிப்ரவரியில் ஓய்வு என்று சொல்லிவிட்டார். மொத்தம் 41 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. தன்னைத் தோற்கடித்த இரண்டு பேரையும், டிரா செய்த ஹோலிஃபீல்டையும் திரும்ப மோதி ஜெயித்தவர், கடைசியாகத் தான் ஜெயித்த ஆளோடு மட்டும் திரும்ப மோதவில்லை.

தோற்றபோது கேஸ் போட்டு வாங்கின மனுஷன், ஜெயித்தபோது வேண்டாம் என்றார். என்ன வித்தியாசம்? இதை வைத்துத்தான் அன்று ராத்திரி ஒரு மணி வரை சண்டை, கொசுவர்த்தி இரண்டு சுருள் தீர்ந்தது. என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிராக்பானில் அவரைத் தோற்கடித்தது அவரே செய்த தப்புகள், எடை, தாமதம், அலட்சியம், எல்லாமே அடுத்த தடவை மாற்றக்கூடியவை. லாஸ் ஏஞ்சலஸில் எடையும் ஒரு காரணம்தான், ஆனால் அதையும் மீறி கால் போயிருந்தது, அது அவருக்கே தெரிந்திருந்தது. எத்தனை மாதம் கழித்து மோதினாலும் திரும்பி வராத ஒன்று.

நான் இதைச் சொன்னதும் முன் சீட்டுக்காரர்கள் முகமது அலியை இழுத்தார்கள். இழுக்காமல் இருப்பார்களா. 1978 பிப்ரவரியில், அதுவரை ஏழே தொழில்முறைச் சண்டைகள் போட்டிருந்த லியோன் ஸ்பிங்க்ஸிடம் 36 வயதில் தோற்றார், செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் திரும்ப மோதிப் பட்டத்தை வாங்கினார், அப்போ ரீமேட்ச் நல்லதுதானே என்று. நல்லதுதான், அங்கேயே நிறுத்தியிருந்தால். அந்த வெற்றிதான் அவரை இன்னும் கொஞ்சம் முடியும் என்று நம்பவைத்தது என்பது என் எண்ணம். ஏற்கெனவே 1977லேயே அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ சிறுநீரக ரிப்போர்ட்டைக் காட்டி, போதும் என்று சொல்லி, கேட்காததால் விலகிப் போயிருந்தார்.

எங்கள் மாமா 1980இல் சேலம் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் நேரு ஸ்டேடியத்தில் அலியைப் பார்த்தவர். ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆர். வந்திருந்தார். மாமா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், "ஆடினார்டா, டான்ஸ் மாதிரி ஆடினார்" என்று. ஓய்வு பெற்றுவிட்ட அலி அவர். அதே வருஷம் அக்டோபர் 2, அதே அலி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். 38 வயது. தைராய்டு மாத்திரை போட்டு எடையை இறக்கி, நரைக்குச் சாயம் பூசி, பார்க்கப் பழைய அலி மாதிரியே இருந்தார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருடனேயே ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, பழகின ஆள், அடிக்க மனசில்லாமல் அடித்தார். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் கோச் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். உடம்பு இளைத்தது வேறு, தேறியது வேறு. இதை நான் சொன்னபோது சாம்பியன் பாயில் மல்லாந்து படுத்து ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

கூடத்தில் பயிற்சி எடுக்கிற ஒரு கல்லூரிப் பெண் (பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது என்று அவரே எழுதச் சொன்னார்) மேரி கோமைச் சொன்னார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 38 வயதில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்று நடுவர்கள் பிரிந்த தீர்ப்பில் தோற்றார், 2019 உலகப் போட்டியில் தானே ஜெயித்திருந்த ஆளிடம். தோற்றதே அவருக்கு உடனே புரியவில்லை. அமெச்சூரில் 40 வயது தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள், ரீமேட்ச் கேட்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. "நம்ம சாம்பியனுக்கு 27தான் அண்ணா, நீங்க ஏன் அலி கதையெல்லாம் சொல்றீங்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை. இருந்தாலும் விட்டாலியின் தம்பி விளாதிமிர் கிளிட்ச்கோவைச் சொல்லிப் பார்த்தேன், 2017 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஆண்டனி ஜோஷ்வாவிடம் 11வது ரவுண்டில் தோற்று, ஒப்பந்தத்தில் ரீமேட்ச் உரிமை கையில் இருந்தும் ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தவர், தோற்ற சண்டையிலேயே மரியாதை சம்பாதித்தவர். "அவருக்கு 41" என்று மூன்று பேர் ஒன்றாகச் சொன்னார்கள். சரி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஸ்பாரிங். மாஸ்டர் ஒரு நாமக்கட்டியை எடுத்துக் கல்லில் தண்ணீர் விட்டு உரசினார். கெட்டியாகச் சந்தனம் மாதிரி வந்ததும் அதை எடுத்து எதிராளிப் பையனின் 16 அவுன்ஸ் கிளவுசில் இரண்டு கையிலும் தடவினார். சாம்பியனுக்குக் கறுப்புத் தலைக்கவசம். மாவாக இருந்தால் கண்ணில் விழும், இது ஒட்டிக்கொள்ளும். அடி விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம். மூன்று நிமிஷம் முடிந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு எண்ணினார், நாங்களும் எட்டிப் பார்த்தோம். ஐந்து தடம், ஐந்தும் வலது கன்னத்தில், ஒன்றின்மேல் ஒன்று, ஒரே திட்டாக. சாம்பியன் இடது கையால் ஜாப் போடும் ஒவ்வொரு தடவையும் அவன் வலது கை கன்னத்தை விட்டு இரண்டு விரற்கடை இறங்குகிறது, அந்தச் சந்தில் எதிராளியின் இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வருகிற குத்து. ஈரத் துணியால் துடைத்துவிட்டு இரண்டாவது ரவுண்டு. ஆறு தடம், நாலு அதே கன்னத்தில். மறுபடி துடைத்தார். மூன்றாவது ரவுண்டில் வெயில் ஏறிவிட்டது, மேகம் விலகிக் களம் கண்ணைக் கூசியது, சாம்பியன் கால் தரையை விட்டு எழவேயில்லை, தேய்த்துக்கொண்டு நகர்ந்தான், சிமெண்டில் ஷூ கரகரவென்று இழுபடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. மணி அடித்தபோது நெற்றி, மூக்குப் பக்கம், இடது காது, தாடை, வலது கன்னம் என்று தலைக்கவசம் முழுக்கப் புள்ளி வைத்த மாதிரி இருந்தது. மாஸ்டர் இதை எண்ணவில்லை.

"ஒரே எடத்துல வுழுந்தா பழக்கம்ங்கண்ணா, திருத்திடலாம்" என்று என்னிடம் சொன்னார், அவனிடம் சொல்லவில்லை. "எல்லா எடத்துலயும் வுழுந்தா, அடி வர்றது தெரியுது, ஒடம்பு நகரலைன்னு அர்த்தம்." நான் உடனே, "அப்போ வயசா மாஸ்டர்?" என்றேன், ராத்திரி விட்ட வாதத்தை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பசிங்கண்ணா."

எனக்கு இது சுத்தமாகத் தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்தது, மாற்றக்கூடிய தப்பா, மாற்ற முடியாத வயதா என்று இரண்டே பெட்டி. இந்தப் பையன் ஐந்தரை கிலோ இறக்குவதற்காக நாலு நாளாகச் சோறு தண்ணீர் குறைத்து, பிளாஸ்டிக் கோட்டுப் போட்டு ஓடி, வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருக்கிறான். பதினெட்டு வயதில் அந்த எடைக்கு வந்த உடம்பு, இப்போது தோளும் தொடையும் விரிந்துவிட்டது, இவன் அதே சட்டையைப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். அமெரிக்கக் குத்துச்சண்டைச் சாம்பியன் ராய் ஜோன்ஸைப் பற்றி மாஸ்டர் சொன்னார். 2003 மார்ச்சில் 193 பவுண்டாக உடம்பை ஏற்றிப் போய் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார், எட்டே மாதத்தில் அதை உருக்கி 175க்கு இறங்கி ஆண்டோனியோ டார்வரைச் சிரமப்பட்டு ஜெயித்தார், அடுத்த மே மாதம் நடந்த ரீமேட்சில் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் படுக்க வைத்துவிட்டார். அதற்கப்புறம் பழைய ராய் ஜோன்ஸை யாரும் பார்க்கவில்லை. வயதும் ஒரு காரணம்தான், 35. ஆனால் அந்தத் தசையை உருக்கினது சேர்ந்துதான் இறக்கியது என்று மாஸ்டர் உறுதியாக நம்புகிறார், எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.

இங்கேதான் என் பெரிய குறை. பசியில் இருக்கிறான் என்று தெரிந்திருந்தால் ஏன் ஸ்பாரிங் விட்டீர்கள்? அதுவும் அந்த உயரத்தில், டாக்டர் இல்லாமல், முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் ஒரு வலி ஸ்ப்ரேயும் மட்டும் வைத்துக்கொண்டு? தண்ணீர் வற்றின உடம்போடு தலையில் அடி வாங்குவது சாதாரண அடியைவிட மோசம் என்பது கூடத்துக்கு வருகிற சின்னப் பையனுக்கும் சொல்லித்தருகிற பாடம். குத்து வாங்கி வாங்கி மூளை கெடுகிறது என்று மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928இலேயே எழுதிவிட்டார், நூறு வருஷம் ஆகப்போகிறது. இதை மாஸ்டரிடம் நேரிலேயே கேட்டேன். "சொன்னா கேக்க மாட்டான்ங்கண்ணா, காட்டணும்" என்றார். அது பதில்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. அடுத்த முகாமுக்கு நர்ஸ் ஒருவரையாவது கூட்டி வரட்டும், இன்னும் இருநூறு ரூபாய் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். பொருட்களும் பழசு: பேட் இரண்டில் தையல் விட்டிருக்கிறது, பொதுத் தலைக்கவசத்தின் உள்பக்கம் நாறுகிறது, முடிந்தவர்கள் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். கைக்குச் சுற்றுகிற துணி கட்டாயம் இரண்டு செட், ஈரம் காயாது.

மற்றபடி யார் போகலாம்? எடை குறைக்க என்று நினைத்து என்னைப்போல் போகிறவர்கள் கோழிக் குழம்பில் ஏமாந்து திரும்புவீர்கள், நான் ஒன்றேகால் கிலோ கூடி வந்தேன். ஆறு மாதமாவது கூடத்தில் பழகினவர்களுக்கு ரொம்ப உபயோகம். பள்ளிப் பிள்ளைகளை அனுப்பலாம், மாஸ்டர் அவர்களை ஸ்பாரிங் விடுவதில்லை, ராத்திரி ஒன்பதுக்குத் தூங்க அனுப்பிவிடுகிறார், நாங்கள்தான் அவர்களை நாய் குரைக்க வைத்து எழுப்பினோம். முழங்கால் வலி இருப்பவர்கள் கோயில் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், ஏறுவது இல்லை, இறங்குவதுதான் கொல்லும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது முதலுதவிப் பெட்டிக்காக, வெந்நீருக்காக இல்லை.

இறங்கும்போது வேனில் யாரும் கட்சி பேசவில்லை. மாஸ்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில், சாம்பியன் என் பக்கத்து சீட்டில். ஏழாவது வளைவு தாண்டினதும் அவனாகவே, "அண்ணா, 67ல போனா அந்தப் பையன் வர மாட்டான்ல?" என்று கேட்டான். வர மாட்டான், அவன் வேறு எடை. "அப்ப அவன்கிட்ட தோத்தது தோத்ததாவே இருக்கும்." ஆமாம் என்றேன். அடிவாரம் வரை வேறு ஒன்றும் பேசவில்லை.

ஐந்து ரோட்டில் மாஸ்டர் வேனை நிறுத்தச் சொன்னார், தட்டுவடை செட். இந்தக் கடைக்குத் தனியாகவே ஒரு விமர்சனம் எழுதலாம், பீட்ரூட்டும் காரட்டும் துருவி மொறுமொறுப்புக் குறையாமல் நடுவில் வைத்து, சிவப்புச் சட்னி ஒரு பக்கம், பச்சைச் சட்னி ஒரு பக்கம், மேலே எலுமிச்சை பிழிந்து. எல்லோரும் இறங்கினோம். சாம்பியன் கடைசியாக இறங்கி, கொஞ்ச நேரம் தள்ளி நின்று, அப்புறம் வந்து ஒரு செட் வாங்கினான். நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு இன்னொன்று. மாஸ்டர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார், திரும்பவே இல்லை. மூன்றாவது செட்டுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "கொஞ்சம் காரம் தூக்கலா போடுங்கண்ணா" என்றான்.